வியாழக்கிழமை சிதம்பரம் போய்வந்த எங்கள் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தம்பி எழுதுவது. நாற்பதாம் நாள் ஜெபக்கூட்டத்திலேயே உங்களுக்குக் கொடுத்திருக்க வேண்டிய மலர் இது. அச்சகத்தில் கரண்ட் இருக்கும்போது ஆள் இருப்பதில்லை, ஆள் இருக்கும்போது கரண்ட் இருப்பதில்லை என்று தள்ளிக்கொண்டே போயிற்று. நானும் அவசரப்படுத்தவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் அலுப்பாக இருந்தது. அக்கா செய்த வேலைகளை வரிசையாக நினைத்துப் பார்த்தாலே எனக்குக் கை கால் வலி எடுத்துவிடுகிறது. அவரோ அதையெல்லாம் செய்துகொண்டே இருந்தார்.

அக்கா பிறந்தது திட்டக்குடிக்கு மேற்கே ஒரு சிற்றூரில். எங்கள் அப்பா அங்கே உபதேசியாராக இருந்தார். வாரத்தில் ஆறு நாள் பள்ளிக்கூடம், ஏழாம் நாள் கோயில், இரண்டும் ஒரே கூரையின் கீழ். மேலிடத்திலிருந்து மாற்றல் வந்தால் மறுவாரமே தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். அப்படி ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தபோதுதான் அம்மா காலமானார். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. அக்காவுக்கு அடுப்பு எட்டாத வயது என்று அப்பா சொல்வார். எட்டாத அடுப்பில் எப்படிச் சமைத்தார் என்று நான் கேட்டதில்லை. சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

அக்கா ஆசிரியர் பயிற்சி முடித்துக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு மூன்று நல்ல இடங்களிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். “தம்பி படிப்பு முடியட்டும்” என்றார். என் படிப்பு முடிந்தது, தாலுகா அலுவலகத்தில் வேலை கிடைத்தது, எனக்குக் கல்யாணமும் ஆயிற்று. அதற்குள் அக்காவைப் பெண் கேட்டு வருவது நின்றுபோயிருந்தது. இதைப் பற்றி அவர் ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. பேசியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற வருடம், “இனிமே நல்லாத் தூங்கப் போறேன்டா” என்றார். அந்த வருடம் 2004. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று தெருவில் ஓடிவந்தார்கள். அன்று மதியத்துக்குள் எங்கள் சபை மண்டபம் கடற்கரைக் குப்பங்களிலிருந்து வந்த குடும்பங்களால் நிறைந்துவிட்டது. எங்கள் பெண்கள் வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, மாதம் ஒருமுறை கோயிலில் கொண்டுவந்து கொட்டுவது வழக்கம். அந்தப் பிடி அரிசியைத்தான் அக்கா முதலில் உலையில் போட்டார். பொங்கல் கழியும் வரை மண்டபத்து அடுப்பு ஓயவில்லை. அக்காவும் வீட்டுக்குச் சரியாக வரவில்லை. தூங்கப் போகிறேன் என்று சொன்னதை நான் நினைவுபடுத்தினேன். “போடா” என்றார்.

அந்த அடுப்படியிலேயே அவரைப் பெண்கள் சங்கத்துக்குச் செயலராகப் போட்டார்கள். செயலர் என்றால் எழுத்து வேலை என்று வெளியார் நினைப்பார்கள். எங்கள் சபையில் அதற்கு வேறு பொருள். குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை சொல்லிவைப்பது, பெரிய வெள்ளிக்குக் கஞ்சி காய்ச்சுவது, மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பிள்ளைகளைத் திரட்டுவது, அறுப்பின் பண்டிகைக்குக் கரும்பும் பூசணியும் கொண்டுவந்து பீடத்தைச் சோடிப்பது, சபை விருந்தான அசனத்துக்கு வெங்காயம் உரிக்க ஆள் பிடிப்பது, ஆள் வராவிட்டால் தானே உரிப்பது. நோயாளிகளைப் பார்க்கப் போவது தனி. எல்லாவற்றுக்கும் மேலே வியாழக்கிழமை சிதம்பரம்.

சிதம்பரத்தில் எங்கள் சபையைச் சேர்ந்த சிறு ஆலயம் ஒன்று இருக்கிறது. சில குடும்பங்கள்தான். ஆயர் மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் மாலையில் போய் ஆராதனை நடத்துவார். வாரத்தில் ஒரு நாளாவது யாராவது போய்க் கதவைத் திறக்காவிட்டால் இருக்கிற குடும்பங்களும் சிதறிவிடும் என்று, வியாழக்கிழமை பிற்பகலில் பெண்கள் கூடுகை ஒன்றை அக்கா ஆரம்பித்தார். ஆலயத்துச் சாவி எதிர்வீட்டில் இருக்கும் தனலட்சுமி அம்மாளிடம் இருந்தது. அவர்கள் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து விவசாயக் குடும்பம். கணவர் கீழவீதிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தார். நடராஜர் கோயில் தேருக்குத் தெரு அடைத்திருக்கும் நாட்களில் அந்த அம்மாளே பேருந்து நிறுத்தத்துக்கு வந்து, சந்து சந்தாக அக்காவை அழைத்துப்போய் ஆலயத்தில் விடுவாராம். அக்கா வீட்டில் சொல்லும் சிதம்பரத்துக் கதைகளில் பாதி, தனம் என்று அவர் கூப்பிடும் அந்த அம்மாளைப் பற்றியதாகவே இருக்கும்.

முதலில் ரயிலில் போய் வந்தார். பாதையை அகலப்படுத்துகிறோம் என்று வருடக்கணக்கில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அக்காவின் முழங்கால் கெட்டதும் அந்தச் சமயத்தில்தான். ஒரு கையில் பாட்டுப் புத்தகப் பை, மறு கையில் முறுக்கு டின், இரண்டையும் வைத்துக்கொண்டு பேருந்துப் படியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நடத்துநர்கள் அவரை அறிவார்கள். “டீச்சர் ஏறட்டும், இருங்கப்பா” என்று நிறுத்தி வைப்பார்களாம். இதைப் பெருமையாக வந்து சொல்வார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒவ்வொரு வருடமும் சபைக் கூட்டத்தில் அக்கா எழுந்து நிற்பார்.

“இந்த வருசம் என்னை வுட்டுடுங்க. முட்டி தேஞ்சு போச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. பஸ்ல ஏற முடியல.”

சபைச் செயலர் துரைராஜ் உடனே எழுந்திருப்பார். அவர் என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான்.

“டீச்சர், நீங்க இல்லன்னா அந்தச் சங்கம் ஒரு மாசம் தாங்காது. ஒரே ஒரு வருசம் பாருங்க.”

கை தட்டுவார்கள். எங்கள் சபையில் கை தட்டினால் தேர்தல் முடிந்தது என்று அர்த்தம். அக்கா சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார். ஒரு வருடம் நானே பொறுக்காமல் எழுந்தேன். “அவுங்கதான் முடியலன்றாங்களே, அப்புறம் என்னாத்துக்கு இப்படிக் கட்டாயப்படுத்துறீங்க?” என்றேன். “மாமாவுக்கு வூட்ல காப்பி போட ஆளில்லன்னு கவல” என்றார் மச்சான். சபையே சிரித்தது. அக்காவும் சேர்ந்து சிரித்தார். அந்த வருடமும் அப்படியே போயிற்று.

அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பிறர் உரித்த வெங்காயத்தை அவர் மறுபடி ஒருமுறை பார்ப்பார். சங்கத்தில் எஸ்தர் என்று ஒரு பெண், அதிர்ந்து பேசாதவர். ஒருமுறை துணிந்து பாட்டை ஆரம்பித்தார். சுருதி கொஞ்சம் மேலே போய்விட்டது. அக்கா இரண்டாம் வரியிலேயே பாட்டைத் தன் குரலுக்கு வாங்கிக்கொண்டார். எஸ்தர் பிறகு வாயே திறக்கவில்லை. “கத்துக்கட்டும் வுடுக்கா” என்று நான் சொன்னால், “அதுவரைக்கும் கர்த்தர் காதைப் பொத்திக்கினு இருப்பாரா?” என்பார். வேலையை விடவும் ஆசை, விட்டுக்கொடுக்கவும் மனம் வராது. இப்படிப்பட்டவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள்.

‘தானே’ புயல் வந்தது 2011 டிசம்பர் கடைசியில். விடிந்து பார்த்தபோது கோயில் ஓடுகள் பாதி தெருவில் கிடந்தன. வளாகத்து வேப்பமரம் மண்டபத்தின் மேல் சாய்ந்திருந்தது. கடலூரே இருட்டில் கிடந்தது. புத்தாண்டு ஆராதனையைப் பகல் வெளிச்சத்தில், ஓடில்லாத கூரையின் கீழே நடத்தினோம். அக்கா மறுபடியும் அடுப்பு மூட்டினார். இந்தத் தடவை ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். கேட்டதற்கு, “புகை ஜாஸ்தி” என்றார். அதன்பிறகு அவருக்கு மூச்சு சரியாகவே இல்லை. ஆனாலும் ஆயர் வீட்டுக் கூரை மேய ஓலை சொன்னார், வியாழக்கிழமை பேருந்து ஏறினார்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம் தொடங்கியபின் ஒரு வெள்ளிக்கிழமை காலை எழுந்திருக்க முடியாமல் போயிற்று. மருத்துவமனையில் சேர்த்தோம். இதயம் களைத்துவிட்டது என்றார் மருத்துவர். எனக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படுக்கையில் அக்கா அதிகம் பேசவில்லை. பேசியதும் ஒரே விஷயம்தான்.

“டேய், துரைராஜ்கிட்ட சொல்லிட்டியா?”

“என்னாத்தக்கா?”

“வியாழக்கிழம இனிமே நான் இல்லன்னு. வாயில சொன்னாப் பத்தாது. ஞாயித்துக்கிழம கோயில்ல வாசிக்கணும். வாசிச்சாத்தான் நம்ம ஆளுங்க நம்புவாங்க.”

நான் அன்றே மச்சானிடம் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டார். “ஆஸ்பத்திரில படுத்திருக்கறவங்க பேர எடுத்துட்டேன்னு எப்படி மாமா வாசிப்பேன்? டீச்சர விரட்டுற மாதிரி இருக்காதா? தேறி வரட்டும், அவுங்கள முன்னால ஒக்கார வச்சி நானே வாசிக்கறேன்” என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை வாசிக்கவில்லை. அக்கா சாயங்காலம், “வாசிச்சாங்களா?” என்று கேட்டார். “அடுத்த வாரம்க்கா” என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தூங்கப் போகிறேன் என்று அவர் சொல்லி ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது.

அடக்க ஆராதனைக்குக் கடலூரே வந்ததுபோல் இருந்தது. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, நீங்கள் எல்லோரும் அங்கே இருந்தீர்கள். அதற்கடுத்த ஞாயிறு நடந்ததை எழுத வேண்டும்.

ஆராதனையின் முடிவில் அறிவிப்புகள். துரைராஜ் எழுந்தார். லெந்து கால ஜெபம் யார் யார் வீட்டில், பாடகர் குழுப் பயிற்சி எப்போது, குருத்தோலை ஞாயிறு ஆராதனை எத்தனை மணிக்கு என்று வாசித்துக்கொண்டே வந்தார். பிறகு, “வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் சிதம்பரம் ஆலயத்தில் பெண்கள் கூடுகை. நடத்துபவர்” என்று சொல்லி, அக்காவின் பெயரை வாசித்தார். யாரும் எழுந்து திருத்தவில்லை. மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். “என்னா மச்சான் இது?”

“மாசம் பூராவுக்கும் முன்னமே எழுதி வச்சது மாமா. அவுங்க பேர அடிக்கலாம்னு பேனாவ எடுத்தேன். கை வரல.”

எனக்கு வந்த கோபத்தில், “உசுரோட இருந்தப்பவும் வுடல, கல்லறைக்குப் போனப்புறமும் வுட மாட்டீங்களா?” என்று கத்திவிட்டேன். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். இதை இங்கே எழுத மச்சான் சம்மதம் கொடுத்திருக்கிறார்.

எங்கள் சபையில் பீடத்தின் அருகிலிருந்து ஒன்றை வாசித்துவிட்டால் அது நடந்தே ஆக வேண்டும். ஒருமுறை வீட்டு ஜெபத்துக்கு வீடு மாற்றி வாசித்துவிட்டார்கள். ஜெபம் தங்கள் வீட்டில் என்பதே தெரியாத குடும்பத்தின் வாசலில் சபை முழுவதும் போய் நின்றது. அந்த அம்மா அவசர அவசரமாக உப்புமா கிண்டினார். தப்பாக வாசித்துவிட்டோம் என்று சொல்லத் தெரியாத ஜனங்கள் நாங்கள். ஆகவே சிதம்பரத்துப் பெண்கள் வியாழக்கிழமை வந்து காத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். போனில் சொல்ல வாய் வரவில்லை. நேரில் போய்ச் சொல்லிவிட்டு, பாட்டுப் புத்தகங்களையும் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று பேருந்து ஏறினேன். அத்தோடு எங்கள் குடும்பத்துக்கும் அந்த வேலைக்கும் தீர்ந்தது என்று நினைத்தேன்.

பேருந்தில் முன்னிருக்கையில் எஸ்தர் உட்கார்ந்திருந்தார்.

“நீ எங்கம்மா போற?”

“வாசிச்சாங்களே அங்கிள்” என்றார். “யாரும் போவ மாட்டாங்க, நான் மட்டுமாவது போயி ஒரு ஜெபம் பண்ணிட்டு வரலாம்னு.”

அவருக்கு இரண்டு வரிசை பின்னால் இன்னும் மூன்று பெண்கள், எல்லாரும் எங்கள் சபை. அவர்களும் ஒருவருக்கொருவர் தெரியாமல், தான் மட்டுமாவது என்று கிளம்பியவர்கள். சிதம்பரத்தில் இறங்கிப் பார்த்தால், முந்தைய பேருந்தில் வந்து துரைராஜின் மனைவி நிறுத்தத்தில் நிற்கிறார், கையில் ஒரு முறுக்கு டின்.

ஆலயம் திறந்திருந்தது. சிதம்பரத்துப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கடலூர்ப் பெண்களும் உட்கார்ந்தார்கள். எல்லாரும் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே தவிர, முன்னால் போக ஒருவரும் இல்லை. நான் எழுந்து, கூடுகை இனி இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் எஸ்தர் உட்கார்ந்த இடத்திலேயே பாட்டை ஆரம்பித்துவிட்டார். வழக்கம்போல் சுருதி மேலே போய்விட்டது. இரண்டாம் வரியில் எல்லார் குரலும் உடைந்தது. அந்தப் பாட்டை வாங்கிக்கொள்ள ஆளில்லை. எஸ்தர் நிறுத்தி, “கொஞ்சம் எறக்கிப் பாடலாமா?” என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள், யாரோ அழுதார்கள். இறக்கிப் பாடினார்கள். நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டேன். அன்றுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போது வியாழக்கிழமைகளில் இருவர் இருவராக முறைபோட்டுப் போய் வருகிறார்கள். அக்காவைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதாக ஆயரே மறு ஞாயிறு வாசித்தார். ஓலைக்கு ஒருவர், கஞ்சிக்கு ஒருவர், நோயாளிகளைச் சந்திக்க ஒரு குழு என்று வேலையைப் பிரித்தார்கள். அக்கா ஒருவராகச் செய்ததற்கு இப்போது சபையில் பாதிப் பெண்கள் தேவைப்படுகிறார்கள். வருகிற அறுப்பின் பண்டிகைக்குப் பீடம் சோடிக்கும் பொறுப்பு துரைராஜின் மனைவியுடையது. அசனத்துக்கு வெங்காயம் உரிக்க ஆண்களும் வரலாம் என்று முடிவாகியிருக்கிறது. என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். நான் மறுக்கவில்லை, எனக்கு அதற்குத் தெம்பில்லை.

அக்காவின் கடைசி நாட்களில் அவரைக் குளிப்பாட்டித் துணி மாற்றிய என் மனைவிக்கும், பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், ஜெபித்த ஆயருக்கும், பாடிய பாடகர் குழுவினருக்கும், கல்லறை வெட்டியவர்களுக்கும், என் கோபத்தைப் பொறுத்துக்கொண்ட மச்சானுக்கும், வெளியூர்களிலிருந்து வந்து ஆறுதல் சொன்ன ஒவ்வொருவருக்கும் நன்றி.

இன்னும் ஒருவர் பாக்கி. மாமியார் படுத்த படுக்கையாய் இருந்ததால் தனலட்சுமி அம்மாளால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. அந்த வியாழக்கிழமை பெண்கள் எல்லாரும் பேருந்துக்குப் போன பிறகு ஆலயத்தைப் பூட்ட வந்தார். படியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, “டீச்சர் தம்பிதானே நீங்க? அதே மூக்கு” என்றார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“அக்கா கடைசியா வந்தன்னிக்கி, சாவியக் குடுக்கறப்ப ரொம்ப மூச்சு வாங்குச்சி சார். எனக்கு மனசு தாங்கல. ‘போதும்க்கா, ஒழைச்சதெல்லாம் போதும். இனிமே வராதீங்க, வூட்டுக்குப் போயி கால நீட்டிப் படுங்க’ன்னுட்டேன். கோச்சிக்குவாங்களோன்னு பயந்துட்டேன். கோச்சிக்கல. ‘இன்னொரு தபா சொல்லு தனம்’னாங்க.”

“சொன்னீங்களா?”

“சொன்னேன். அப்புறம் இந்தப் படியிலதான் ஒக்காந்தாங்க. மோரு குடுத்தேன், பூராவும் குடிச்சாங்க. ‘பஸ்ஸு போவுதேக்கா’ன்னேன். ‘போவட்டும்’னாங்க.”

நாங்கள் ஒருவரும் சொல்லாத சொல்லை அக்காவுக்கு உயிரோடிருக்கும்போதே இரண்டு முறை சொன்ன தனலட்சுமி அம்மாளுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.